எஸ்டேட் மலையில் புதைத்தவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ வேலை செய்து அங்கேயே இறந்திருந்தால், அவர்கள் கல்லறை இன்றைக்கும் அந்த மலையில்தான் இருக்கிறது. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. தோட்டத் தொழிலாளிக்கு 58 வயதில் ஓய்வு. ஓய்வு பெற்றால் லயத்தை, அதாவது கம்பெனி கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் சரி, இல்லையென்றால் குடும்பமே தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போடிக்கோ கம்பத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ இறங்கிவிடும். இறந்தவர்கள் மட்டும் மேலேயே தங்கிவிடுவார்கள். அப்புறம் கீழே ஒரு வீடு, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று வருஷங்கள் ஓடிவிடும். பேரன் தலையெடுத்து "நம்ம பாட்டியை எங்கே புதைச்சாங்க" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்களும் போய்விட்டிருப்பார்கள்.

நான் மூணாறு பக்கத்து லயம் ஒன்றில் பிறந்து வளர்ந்து இப்போது போடியில் இருக்கிறேன். சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேட்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போய்வருவது வழக்கம். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எஸ்டேட் கல்லறையை மேப்பில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆட்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வண்டி ஏறுவதற்கு முன்

வீட்டில் இருக்கிற மூத்தவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "எந்த எஸ்டேட்?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எஸ்டேட் பெயர் தெரிந்தால் பாதி தூரம்கூட வந்தபாடில்லை. ஒரு எஸ்டேட் மலைமலையாகப் பரந்து கிடக்கும், அதற்குள் பல டிவிஷன், ஒவ்வொரு டிவிஷனுக்கும் பெரும்பாலும் தனிச் சுடுகாடு. அதிலும் டாப் டிவிஷன், லோயர் டிவிஷன், ஓல்டு டிவிஷன், நியூ டிவிஷன் என்று ஒரே மாதிரிப் பெயர்கள் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் வரும். அதனால் "டாப் டிவிஷன்" என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு போனால் அலைந்துதான் திரும்ப வேண்டும். எஸ்டேட், டிவிஷன், எத்தனையாவது லயம், எந்தக் கங்காணியின் (ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கிய மேஸ்திரி) ஆட்கள், சுடுகாட்டுக்குப் போகும் வழியில் என்ன இருந்தது (ஓடையா, ஃபேக்டரியா, முனியாண்டி கோயிலா, சிலுவை நட்ட குருசடியா) இவ்வளவும் வேண்டும். மிக முக்கியமாக, பட்டப்பெயர். ரிஜிஸ்டரில் முத்தையா என்று இருக்கும். லயத்தில் முத்தையா நாலைந்து பேர் இருந்திருப்பார்கள், ஒருவரையும் யாரும் முத்தையா என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நெட்டையன், பால்காரர், கொம்பு ஊதி, கயத்தாத்துக்காரர் என்று ஏதாவது ஒன்று இருக்கும், அந்தப் பெயர்தான் கதவைத் திறக்கும்.

எஸ்டேட் பெயரே தெரியவில்லை என்றாலும் கைவிட வேண்டாம். எந்த வழியாக மலை ஏறினார்கள் என்று கேளுங்கள். பழைய ஆட்கள் அதை மறக்கவே மாட்டார்கள், நடந்து ஏறியவர்களின் கால் மறக்காது. "குரங்கணி வழியா ஏறினோம், டாப் ஸ்டேஷன்ல குளிரு தாங்கல" என்றால் பெரும்பாலும் குண்டளை, எல்லப்பட்டி, செண்டுவரை பக்கம். "உடுமலைப்பேட்டையில இறங்கி மறையூர் வழியா" என்றால் தலையாறு, வாகுவாரை பக்கம் விசாரிக்கலாம். "கூடலூர் தாண்டி குமுளி" என்றால் வண்டிப்பெரியாறு, பீர்மேடு. "செங்கோட்டை, ஆரியங்காவு" என்றால் மூணாறையே மறந்துவிடுங்கள், அது தென்மலை, புனலூர்ப் பக்கம். அடித்துச் சொல்லிவிட முடியாதுதான், ஆனாலும் தேடலைப் பாதியாகச் சுருக்கிக் கொடுக்கும்.

பெட்டியில் கிடக்கும் பழைய காகிதங்களையும் பாருங்கள். "கோட்டயம் ஜில்லா" என்று போட்டிருக்கிறதே, நம்முடையது இடுக்கி ஆச்சே என்று குழம்ப வேண்டாம். இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரியில்தான் வந்தது, அதற்கு முன் தேவிகுளமும் பீர்மேடும் கோட்டயத்தில் இருந்தன. 1956 நவம்பருக்கு முந்தைய காகிதம் என்றால் திருவிதாங்கூர்-கொச்சி என்று இருக்கும், இன்னும் பழையதென்றால் திருவிதாங்கூர் மட்டும். கம்பெனிப் பெயரும் அப்படித்தான். மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலையில் ஃபின்லே, டாட்டா ஃபின்லே, டாட்டா டீ, 2005-க்குப் பிறகு இப்போதைய கண்ணன் தேவன் கம்பெனி என்று கை மாறி வந்திருக்கிறது. காகிதத்தில் எந்தப் பெயர் இருந்தாலும் தோட்டம் அதேதான்.

சாவு வீட்டில் எடுத்த போட்டோ இருந்தால் அதைக் கட்டாயம் கொண்டுபோங்கள். அந்தக் காலத்தில் மூணாறிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்து, பாடையைச் சுற்றிச் சொந்தபந்தம் எல்லாம் நிற்க ஒரு படம் எடுப்பார்கள். எல்லாரும் முகங்களைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் முகங்களுக்குப் பின்னால் பாருங்கள். லயத்துக் கூரைக்கு மேலே மலை தெரியும். அந்த மலையின் விளிம்பு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எந்த இடத்தில் மொட்டைப் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது என்பது நூறு வருஷம் ஆனாலும் மாறாது. அந்த இடத்தில் நின்று போட்டோவைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, விளிம்பும் விளிம்பும் பொருந்தும் வரைக்கும் லயத்தின் ஓரமாக நடந்தால் படம் எடுத்த வாசல் கிடைத்துவிடும். வாசல் கிடைத்தால் பாடை போன பாதையும் கிடைக்கும்.

ஆபீஸ், சர்ச், பஞ்சாயத்து

எஸ்டேட் நிலம் கம்பெனி வசம் உள்ளது. கேட்டில் வாட்ச்மேன் இருப்பார், திறந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது. கும்பலாக ஜீப்பில் போய் இறங்கி "எங்க தாத்தா இங்கேதான்" என்று சத்தம் போட்டால் காரியம் கெட்டுவிடும். மேனேஜருக்கு அரைப்பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போங்கள்: இன்னார் இந்த டிவிஷனில் இன்ன வருஷம் வரை வேலை செய்தார், இன்ன வருஷம் இறந்தார், கல்லறையைப் பார்த்துச் சுத்தம் செய்ய இத்தனை பேர் வருகிறோம், மாலைக்குள் திரும்பிவிடுவோம், தொடர்பு எண் இது. இவ்வளவு போதும். அடையாள அட்டை நகல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய சாரைப் பார்க்க முடியாவிட்டாலும் ஆபீஸ் கிளார்க்கோ ஃபீல்டு ஆபீசரோ பார்த்துவிட்டு வாட்ச்மேனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு, அவர்களும் அந்த மலையிலேயே காலம் தள்ளுகிறவர்கள்தானே.

பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயரும் வருகையும் பதிந்த ரிஜிஸ்டர்) இருக்கிறதா என்றும் பணிவாகக் கேளுங்கள். இருக்கலாம், கரையான் தின்றும் போயிருக்கலாம். இருந்தால் பெயரோடு அப்பா பெயரையும் கங்காணி பெயரையும் வைத்துச் சரிபாருங்கள், பெயர் மட்டும் பொருந்தினால் நம்பிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் என்பதால் மாரியம்மாள் பல உருவத்தில் இருப்பாள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் உங்களுக்கு வேலை சுலபம். பங்குக் கோயிலில் ஞானஸ்நான ரிஜிஸ்டர் மாதிரியே அடக்க ரிஜிஸ்டரும் எழுதி வைப்பது வழக்கம். தேதி, வயது, சில சமயம் இறந்த காரணம்கூட இருக்கும். மூணாறு பக்கத்து லத்தீன் கத்தோலிக்கர்கள் விஜயபுரம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள், அதனால் மூணாறில் கிடைக்காதது கோட்டயத்தில் கிடைக்க வாய்ப்பு உண்டு. சி.எஸ்.ஐ. குடும்பங்கள் அவரவர் சபை குருவானவரிடம் கேட்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பிடித்துக்கொள்ளாதீர்கள், முதல் நாளே போன் போட்டுச் சொன்னால் ரிஜிஸ்டரை எடுத்து வைத்திருப்பார்.

இறப்புச் சான்று வேண்டுமென்றால் கிராமப் பஞ்சாயத்து ஆபீஸ். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய சாவுகளுக்குப் பதிவு கிடைப்பது அதிர்ஷ்டம்தான். மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். தேவிகுளமும் பீர்மேடும் தமிழ் மொழிச் சிறுபான்மைத் தாலுகாக்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி அங்கே உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே மனு எழுதலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். அந்த வட்டாரத்து மக்களுக்கான உரிமை அது, அங்கே இன்னும் குடியிருக்கிற சொந்தக்காரர் ஒருவர் பெயரில் மனுப் போடுவது நல்லது.

பீர்மேடு பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் தேயிலை விலை விழுந்தபோது அங்கே பல எஸ்டேட்டுகள் மூடப்பட்டன. மூடிய தோட்டத்தில் ஆபீஸும் இருக்காது, மேனேஜரும் இருக்க மாட்டார், தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்து பாதையை அடைத்திருக்கும். ஆனால் லயத்தில் ஆட்கள் இருப்பார்கள். சம்பளம் நின்ற பிறகும் போக்கிடம் இல்லாமல் அங்கேயே இருந்தவர்கள். அவர்களையும் யூனியன்காரர்களையும் பிடிப்பதுதான் வழி.

என்றைக்குப் போவது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டவே வேண்டாம். தென்மேற்கு மழை பிடித்தால் மண் இளகும், ரோடு எங்கே உட்காரும் என்று சொல்ல முடியாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்களின் மேலேயே மலை சரிந்து 70 உயிர் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நாலு பேர் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. அங்கே அஞ்சலி செலுத்தப் போகிறவர்கள் இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும், அதனால் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஐப்பசி கார்த்திகையிலும் மழை உண்டு. ஆனால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கிறிஸ்தவக் குடும்பங்கள் போயே ஆக வேண்டும். அன்றைக்குத்தான் எல்லாக் கல்லறைக்கும் ஆள் வரும், புல் வெட்டியிருப்பார்கள், பக்கத்துக் கல்லறைக்காரர் யார் என்பது தெரியும். மற்றவர்களுக்குத் தை மாதம்தான் சரியான காலம். தை அமாவாசையை ஒட்டிப் போனால் மழை இருக்காது, புல் காய்ந்து மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைக்குத் தர்ப்பணத்தைக் கீழேயே ஆற்றங்கரையில் முடித்துவிட்டு, மலைக்குத் தையில் போங்கள். தையில் மூணாறில் விடிகாலைக் குளிர் எலும்பைக் குத்தும், பெரியவர்களுக்குக் கம்பளி, குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழமையும் முக்கியம். ஆபீஸ் வேண்டுமென்றால் வேலை நாள், ஆட்கள் வேண்டுமென்றால் ஞாயிறு. வேலை நாளில் லயத்துக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும், எல்லாரும் கொழுந்துக் காட்டில் இருப்பார்கள். சனிக்கிழமை முற்பகலில் ஆபீஸைப் பார்த்துவிட்டு, மூணாறிலோ குமுளியிலோ தங்கி, ஞாயிறு காலை லயத்துக்குப் போவதுதான் சிக்கனமான திட்டம். போடி வரைக்கும் 2023 ஜூனிலிருந்து ரயில் வருகிறது, அங்கிருந்து போடிமெட்டு வழியாக பஸ், ஜீப் இரண்டும் உண்டு. தமிழ்நாட்டு வாடகை வண்டியில் போனால் கேரளப் பெர்மிட் போட்டாயிற்றா என்று டிரைவரிடம் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள், செக்போஸ்ட்டில் நின்று கேட்க வேண்டாம். சின்ன காரை எஸ்டேட் ரோட்டில் இறக்காதீர்கள், மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு அந்த ஊர் ஜீப்பைப் பிடியுங்கள். அந்த டிரைவரே பாதி நேரம் யாரோ ஒரு கங்காணியின் பேரனாக இருப்பார்.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஈரம் இருக்கிற எந்த மாதத்திலும் அட்டை உண்டு, சுடுகாட்டுப் புல் அதற்குச் சொந்த வீடு. ஒரு முழக் கம்பின் நுனியில் பழைய துணியைச் சுற்றி, உள்ளே உப்பும் புகையிலைத் தூளும் வைத்து முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கால் மேல் அட்டை ஏறினால் அந்த முடிச்சால் ஒரு தொடு தொட்டால் போதும், சுருண்டு விழும். பிய்த்து இழுக்காதீர்கள், கடிவாய் புண்ணாகும். சாக்ஸுக்குள் பேண்டை விட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். சேலை கட்டி வருகிற பெண்களுக்கு உள்ளே லெக்கின்ஸ் போட்டுக்கொண்டால் நல்லது.

யானை, காட்டுமாடு நடமாட்டம் இருக்கிற இடம். காலை ஏழு ஏழரைக்கு முன் உள்ளே போக வேண்டாம், மூன்று மூன்றரைக்குள் திரும்பிவிடுங்கள். லயத்து ஆள் "இன்னைக்கு அந்தப் பக்கம் வேணாம்" என்று சொன்னால் வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறோமே என்பதெல்லாம் யானைக்குத் தெரியாது.

ஆளைப் பிடிப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கவனமாகப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

லயத்துக்குள் நுழைந்ததும் நேராகச் சுடுகாட்டைக் கேட்காதீர்கள். சாவு நடந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கேட்கிற கேள்வி அது, கேட்டவுடன் ஆட்கள் பதறுவார்கள். முதலில் இருக்கிறதிலேயே வயதான ஒருவர் வாசலில் போய் நின்று, "பாட்டி, நாங்க போடியிலிருந்து வர்றோம், எங்க குடும்பம் முன்னாடி இங்கே இருந்துச்சு" என்று சொல்லுங்கள். "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேள்வி வரும். இந்தக் கேள்விக்குத்தான் வீட்டிலேயே பாடம் படித்துக்கொண்டு வந்தீர்கள். "மூணாவது லயத்துப் பால்காரர் இருந்தாரே, அவர் மக வயித்துப் பேரன்." முடிந்தது. பாட்டி உங்கள் முகத்தைத் திருப்பிப் பார்ப்பார், மூக்கைப் பார்ப்பார், "அந்தச் சாடை இருக்கு" என்பார், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவார், டீ வந்துவிடும். டீயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்த டீ குடிக்கிற நேரத்தில்தான் நீங்கள் தேடி வந்தது வெளியே வரும்: யார் யார் செத்தார்கள், யாருக்குப் பக்கத்தில் யாரைப் புதைத்தார்கள், அன்றைக்கு மழை பெய்ததா, குழி வெட்டினவர்கள் யார் யார்.

குழி வெட்டினவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரை விடாதீர்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் லயத்து ஆண்கள்தான் முறை வைத்துக் குழி வெட்டுவார்கள். மண்வெட்டி பாறையில் பட்டு இடம் மாற்றி வெட்டியது, பக்கத்துக் குழி சரிந்தது எல்லாம் அவர் கைக்கு ஞாபகம் இருக்கும். அடுத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆயா. அதற்கடுத்து கோயில் பூசாரி, உபதேசியார். இளைஞர்களைக் கேட்டால் சுடுகாட்டைக் காட்டுவார்கள், ஆனால் எது யாருடைய மேடு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாது என்று வீட்டில் யாராவது சொன்னால், எஸ்டேட்டில் அதைப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கொழுந்துக் காட்டுக்கு நிரைபோட்டுப் போய், தினமும் அந்த மேடுகளைக் கடந்து நடந்தவர்கள் பெண்கள். எந்தக் கல்லறை எங்கே என்று உங்கள் அத்தைக்கும் சித்திக்கும் தெரிந்த அளவுக்கு மாமாவுக்குத் தெரிந்திருக்காது. நடக்க முடிகிற அத்தை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடியாதவராக இருந்தால் வீடியோ காலை நம்ப வேண்டாம், பாதி டிவிஷனில் சிக்னல் இருக்காது. போட்டோவாக எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். வெற்றிலை பாக்கு, கருப்பட்டி, காராச்சேவு, கொஞ்சம் முருங்கைக்காய். கீழ்நாட்டுச் சாமான் என்றால் மேலே இருக்கிறவர்களுக்கு அவ்வளவு பிரியம்.

எது நம்முடையது என்று பார்ப்பது

முதலில் இடம். சில டிவிஷன்களில் மதத்துக்கு ஒரு பக்கம் உண்டு, சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்த இடங்களும் உண்டு. சுற்றி கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரமோ சில்வர் ஓக்கோ நிற்கும், தரை முழுக்க உண்ணிச்செடி மண்டியிருக்கும். அரிவாளை எடுத்ததும் சரசரவென்று வெட்டிக்கொண்டு போகாதீர்கள். பாம்பு இருக்கும் என்பது ஒன்று, தலைமாட்டில் வைத்த கல் வெட்டில் நகர்ந்துவிடும் என்பது இன்னொன்று. கம்பால் தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டு, உயரமாக விட்டு வெட்டி, கடைசியில் கையால் விலக்குங்கள்.

பெயர் எழுதிய கல்லறை குறைவுதான். பெரும்பாலானவை மண்மேடு, சுற்றிலும் ஓடைக்கல் அடுக்கி, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. மேடு எந்தத் திசையில் கிடக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்து இந்துக் குடும்பங்கள் வழக்கமாகத் தலையைத் தெற்கே வைப்பார்கள். கிறிஸ்தவர்கள் தலை மேற்கே, கால் கிழக்கே. முஸ்லிம் கபரு வடக்குத் தெற்காக இருக்கும், தலை வடக்கே, முகம் மேற்கே. செங்குத்தான சரிவில் இடத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் திரும்பியிருக்கும், ஆனாலும் மூன்று சமயத்தாரும் கலந்து கிடக்கிற இடத்தில் இந்த ஒரு கணக்கு நிறைய மேடுகளைக் கழித்துவிடும். வண்டிப்பெரியாறு மாதிரி கொஞ்சம் தாழ்ந்த இடங்களில் சுடுகாட்டுமல்லி வரிசையாக நின்றால் அங்கே யாரோ நட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதன் அடியில் கல்லைத் தேடுங்கள்.

எழுத்து உள்ள கல் என்றால் வருஷத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். 1099, 1112 என்று இருந்தால் அது கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறக்கிற ஆண்டு என்பதால் ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை 825-ஐயும் கூட்டுங்கள். மூணாறையே அடித்துக்கொண்டு போன 99 வெள்ளம் கொல்லம் 1099 கர்க்கடகத்தில் வந்தது, அதாவது 1924 ஜூலை. அந்த வருஷம் போட்ட கல்லைப் பார்த்தால் வெள்ளத்தில் போனவரா என்று விசாரிக்கத் தோன்றும், விசாரியுங்கள்.

தேய்ந்த எழுத்தைப் படிக்கக் கத்தியால் சுரண்டுவது, கம்பி பிரஷ் போடுவது, ஆசிட் ஊற்றுவது எதுவும் கூடாது. மிச்சம் இருக்கிற எழுத்தும் பொடிந்துவிடும். தேங்காய் நாரும் பச்சைத் தண்ணீரும் போதும். கல்லை நனைத்துவிட்டு, ஒருவர் பெட்ஷீட்டால் வெயிலை மறைத்துக்கொள்ள, இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து ஒட்டினாற்போல் அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று படம் எடுங்கள். ஒரு படத்தில் "ள்" மாதிரி தெரிவது இன்னொன்றில் "ன்" ஆகிவிடும்.

எவ்வளவு தேடியும் எது என்று தெரியவில்லையா? குத்துமதிப்பாக ஒரு மேட்டைச் சொந்தம் கொண்டாட வேண்டாம், அது இன்னொருவரின் பாட்டியாக இருக்கும். அந்தச் சுடுகாட்டின் நடுவில் நின்று எல்லாருக்கும் சேர்த்து ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, லயத்துப் பெரியவர் கையால் பிடிமண் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். குலசாமிக்கே பிடிமண் எடுத்து வந்து ஊர் ஊராகக் கோயில் கட்டியவர்கள் நாம், பாட்டிக்கு எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. சொந்த ஊர்க் கல்லறையிலோ தோட்டத்து மூலையிலோ அந்த மண்ணை வைத்துக் கல் நட்டுக்கொள்ளலாம். எலும்பைத் தோண்டி எடுத்து வரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அரசு அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது, அந்த யோசனையே வேண்டாம்.

கும்பிட்டுவிட்டு

படையல் போடுங்கள், பால் ஊற்றுங்கள், பிடித்த பலகாரம் வையுங்கள். ஆனால் வாழைப்பழம், வெல்லம், தேங்காய், சோறு எதையும் அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது. அந்த வாசத்துக்கு யானையும் பன்றியும் வரும், வந்தால் கல்லறையும் கலையும், பக்கத்து லயத்துக்கும் ஆபத்து. கும்பிட்டதும் எடுத்து லயத்துக்குக் கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்துச் சாப்பிடுங்கள். தாத்தாவுக்குப் பிராந்தி வைக்கிற குடும்பம் என்றால் ஒரு மூடி ஊற்றிவிட்டுப் பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள், உடைந்த கண்ணாடியில் கொழுந்து பறிக்கிறவர்களின் கால் கிழியும். சூடம் ஏற்றுவதைக் காய்ந்த புல்லை ஒதுக்கிவிட்டு வெறும் மண்ணில் செய்யுங்கள். அணைந்ததைப் பார்த்த பிறகே நகருங்கள். மாசி பங்குனியில் ஒரு பொறி போதும், மலையே எரியும்.

கல்லறை கட்ட ஆசைப்படுவது நியாயம். ஆனால் கம்பெனியைக் கேட்காமல் சிமெண்ட் வேலை வேண்டாம், பிரச்சினை நமக்கல்ல, அங்கே வேலை செய்கிற நம் ஆட்களுக்கு. பெரிய கட்டிடத்தைவிட, ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற அளவு கருங்கல் பலகைதான் நல்லது. கீழேயே எழுத்தை வெட்டி வாங்கிவிடுங்கள், பெயிண்ட்டில் எழுதினால் இரண்டு மழைக்காலம் தாங்காது. பெயர், பட்டப்பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், டிவிஷன், இறந்த வருஷம். சொந்த ஊரை விட்டுவிடாதீர்கள். எங்கிருந்து வந்தவர் என்று அந்த மலையில் சொல்வதற்கு அந்தக் கல் மட்டும்தான் மிஞ்சப்போகிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை புல் வெட்ட லயத்துத் தம்பி ஒருவரை ஏற்பாடு செய்து, நியாயமான கூலியை மொபைலில் அனுப்பிவிடுங்கள். வெட்டியதும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அவர் வேலையை விட்டுப் போனால் யாரிடம் ஒப்படைப்பது என்றும் அப்போதே பேசிவிடுங்கள்.

கிளம்பும் முன் போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்பை முந்தின நாளே டவுன்லோடு செய்திருந்தால் போதும். ஆனால் போனை மட்டும் நம்ப வேண்டாம், காகிதத்தில் வழியை எழுதுங்கள். "ஃபேக்டரி கேட்டிலிருந்து ஆஸ்பத்திரி ரோடு, இரண்டாவது வளைவில் இடது பக்கம் ஒற்றையடிப் பாதை, ஓடையைத் தாண்டி மேலே ஏறினால் மொட்டைப் பாறை, பாறைக்குக் கீழே மூன்றாவது வரிசை, தலைமாட்டுக் கல் பிளந்திருக்கும்" என்கிற மாதிரி, உங்களைத் தெரியாத ஒருவர் படித்தாலும் போய்ச் சேருகிற மாதிரி இருக்க வேண்டும். வழி காட்டிய லயத்துக்காரர் பெயரையும் அவர் எந்த வீடு என்பதையும் அதிலேயே சேருங்கள். நகல் எடுத்து மகன் வீட்டுக்கு ஒன்று, மகள் வீட்டுக்கு ஒன்று, லயத்தில் டீ கொடுத்த பாட்டி வீட்டில் ஒன்று என்று கொடுத்துவிடுங்கள்.